உருளும் லினக்ஸுக்குப் பதிப்பு எண் கிடையாது, தேதிதான்

பென் டிரைவைச் செருகினேன். ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்துத் துளையில் செருகிப் பார்த்தேன், அங்கேயும் அப்படியே. பென் டிரைவ்தான் போய்விட்டது என்று நினைத்து, மேசை இழுப்பறையில் கிடந்த பழைய ஒன்றைத் தேடி எடுத்துப் போட்டேன். அதையும் கணினி கண்டுகொள்ளவில்லை. வட்டுகளைப் பட்டியலிடும் கட்டளையைக் கொடுத்தால் உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி மட்டும்தான் வருகிறது. ஆனால் அடுத்த துளையில் இருந்த மௌஸ் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. அதனால் துளைகள் பழுது என்றும் சொல்ல முடியவில்லை.

அன்று மதியம் நான் செய்தது ஒன்றே ஒன்று. ஆர்ச் என்ற லினக்ஸ் வகையில் வாராந்திர அப்டேட் கொடுத்துவிட்டு, கணினியை ரீஸ்டார்ட் செய்யாமல் வேலையைத் தொடர்ந்தேன். அவ்வளவுதான். ரீஸ்டார்ட் செய்ததும் இரண்டு பென் டிரைவும் வந்துவிட்டன.

நடந்தது இதுதான். நினைவகத்தில் ஓடிக்கொண்டிருந்தது காலையில் இருந்த கர்னல், அதாவது சிஸ்டத்தின் மையப் பகுதி. வட்டில் இருந்தது மதியம் வந்த கர்னல். லினக்ஸ் கர்னல் எல்லாவற்றையும் ஒரேயடியாக ஏற்றிக்கொள்வதில்லை. பென் டிரைவைக் கையாளத் தெரிந்த பகுதி, வேண்டும்போது வட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும் தனி மாட்யூலாக இருக்கும். மௌஸுக்கான மாட்யூல் காலையிலேயே ஏறிவிட்டது, பென் டிரைவுக்கானது ஏறவில்லை. மாலையில் அதைத் தேடிக்கொண்டு கர்னல் தன் பதிப்பு எண் போட்ட அடைவுக்கு (ஃபோல்டருக்கு) போனால், அந்த அடைவே இல்லை. அப்டேட் அதை அழித்துவிட்டுப் புது எண் போட்ட அடைவை வைத்துவிட்டுப் போயிருக்கிறது.

இரண்டு தேதிகளைச் சேர்ந்த பொருட்கள் ஒரே கணினியில் கலந்துவிட்டன. ரோலிங் ரிலீஸ் லினக்ஸில் வரும் தொல்லைகளைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் பெரும்பாலும் இதே கதைதான் கிடைக்கும். அதனால் ரோலிங் என்றால் என்ன என்பதையும் இங்கிருந்தே தொடங்குகிறேன்.

## பதிப்பும் தேதியும்

டெபியன் என்பது பதிப்பு எண் போட்டு வரும் லினக்ஸ். அதன் டெபியன் 12 வந்தது 2023 ஜூனில். அடுத்த டெபியன் 13 வந்தது 2025 ஆகஸ்டில். இடைப்பட்ட இரண்டு வருடத்தில் டெபியன் 12 வைத்திருந்தவர்களுக்கு அப்டேட் வராமல் இல்லை, வந்தது. ஆனால் அது பெரும்பாலும் பாதுகாப்புத் திருத்தம், அல்லது பெரிய பிழைக்கு மருந்து. அந்தத் திருத்தத்தையும் பழைய பதிப்புக்குள்ளேயே ஒட்டுப்போட்டுத்தான் கொடுப்பார்கள். புது வசதி வேண்டுமென்றால் அடுத்த பதிப்புக்குக் காத்திருக்க வேண்டும். உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளும் இதே வழிதான், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை.

ரோலிங் ரிலீஸில் இந்த அடுத்த பதிப்பு என்பதே கிடையாது. தமிழில் உருளும் வெளியீடு என்று எழுதுகிறார்கள், நல்ல சொல்தான். மென்பொருளை உருவாக்கியவர்கள் புதுப் பதிப்பை வெளியிட்டதும், அதைத் தொகுத்துச் சோதித்து, சில நாளிலோ சில வாரத்திலோ அப்படியே உங்களுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆர்ச் லினக்ஸ், ஓப்பன்சூசே டம்பிள்வீட், வாய்ட், ஜென்டூ எல்லாம் இந்த வகை. ஆர்ச்சை ஒரு முறை நிறுவிவிட்டு, பத்து வருடம் மறுபடி நிறுவாமலே ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அப்படியானால் என்னிடம் இருப்பது ஆர்ச்சின் எந்தப் பதிப்பு? புதிதாக வருகிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. விடை: நீங்கள் கடைசியாக முழு அப்டேட் செய்த தேதி எதுவோ, அதுதான் உங்கள் பதிப்பு. இதை வெறும் பேச்சுக்குச் சொல்லவில்லை. ஆர்ச்சின் நிறுவல் கோப்பு மாதா மாதம் வரும். அதன் பெயரில் இருப்பது வருடம், மாதம், நாள் மட்டுமே. டம்பிள்வீட்டின் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் எட்டு இலக்கத் தேதியே எண். கனடாக்காரரான ஜட் வினெட் 2002 மார்ச்சில் ஆர்ச்சை முதன்முதலாக வெளியிட்டபோது 0.1 என்று எண்தான் கொடுத்தார். 0.8 வரை அப்படியே போய், 2007இல் எண்ணை விட்டுவிட்டுத் தேதிக்கு மாறிக்கொண்டார்கள்.

பஞ்சாங்கம் பார்க்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். திதியை இந்த வருடப் பஞ்சாங்கத்தில் பார்த்துவிட்டு, நட்சத்திரத்தைப் போன வருடப் பஞ்சாங்கத்தில் பார்த்தால் என்ன ஆகும்? இரண்டு புத்தகமும் தனித்தனியாகச் சரியானவைதான். சேர்த்துப் படித்ததுதான் தப்பு.

## அந்த மூன்று எழுத்து

இனி கொஞ்சம் கட்டளைகள். அவற்றையும் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன், தட்டும்போது நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். நண்பன் ஒருவனுக்குத் தொலைபேசியில் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன், வேலை நடந்தது.

ஆர்ச்சில் மென்பொருள் நிர்வாகம் செய்வது பேக்மேன். முழு அப்டேட்டுக்கான கட்டளை: சூடோ, பேக்மேன், ஒரு சின்னக் கோடு, அதை ஒட்டிப் பெரிய எஸ், சின்ன ஒய், சின்ன யூ. எஸ் என்றால் களஞ்சியத்தோடு, அதாவது ஆர்ச்சின் மென்பொருள்கள் எல்லாம் இருக்கும் இணையக் கிடங்கோடு, ஒத்திசை. ஒய் என்றால் களஞ்சியத்தின் இன்றைய பட்டியலை எடுத்துக்கொண்டு வா. யூ என்றால் அந்தப் பட்டியலின்படி இங்கே இருக்கும் எல்லாவற்றையும் புதுப்பி.

இதில் ஒய் வந்தால் யூவும் வந்தாக வேண்டும். ரோலிங் சிஸ்டத்தில் ஒரே ஒரு விதியைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், நான் இதைத்தான் சொல்வேன்.

மேலே சொன்ன நண்பன் அதைத்தான் செய்யவில்லை. அவனுக்கு அவசரமாக ஒரு மென்பொருள் வேண்டும். கைபேசி ஹாட்ஸ்பாட்டில் அன்றைய டேட்டா முடியப்போகிறது. ஒரு மாதமாக அப்டேட் செய்யாததால் முழுதாகச் செய்தால் ஒன்றரை ஜிபிக்கு மேல் போகும். "அந்த ஒண்ணை மட்டும் இறக்கிக்கிறேன், மிச்சத்தை நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று யூவை விட்டுவிட்டு, எஸ் ஒய் போட்டு மென்பொருளின் பெயரைக் கொடுத்திருக்கிறான். மென்பொருள் வந்துவிட்டது. அது கேட்டதென்று துணைக்கு ஒரு நூலகமும், அதாவது பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல் தொகுதியும், புதுப் பதிப்பில் வந்து உட்கார்ந்துவிட்டது.

அந்த நூலகத்தின் பெயர் ஐசியு. யூனிகோட் எழுத்துகளை வரிசைப்படுத்துவது, வரி எங்கே உடையலாம் என்று கணக்குப் போடுவது போன்ற வேலைகளுக்குப் பல மென்பொருள்கள் நம்பியிருக்கும் நூலகம். தமிழும் அதன் கணக்கில் உண்டு. அதன் கோப்புப் பெயரிலேயே பதிப்பு எண் இருக்கும். 75 போய் 76 வந்தால், 75 என்று முடியும் கோப்பு மறைந்து 76 என்று முடியும் கோப்பு வரும். களஞ்சியத்தில் இந்த மாற்றம் நடக்கிற அன்றே, ஐசியுவை நம்பியிருக்கும் எல்லாவற்றையும் 76ஐத் தேடும்படி மறுபடி தொகுத்துச் சேர்த்தே வெளியிடுவார்கள். முழு அப்டேட் செய்கிறவருக்கு இப்படியொன்று நடந்ததே தெரியாது. என் நண்பனிடமோ ஐசியு மட்டும் புதிது. மிச்சம் எல்லாம் போன மாதத்தது, எல்லாமே 75ஐத் தேடிக்கொண்டிருக்கிறது.

அதில் பேக்மேனும் ஒன்று. பேக்மேன் ஒரு சுருக்கக் கோப்பு நூலகத்தை நம்புகிறது, அது ஒரு எக்ஸ்எம்எல் நூலகத்தை நம்புகிறது, அது ஐசியுவை நம்புகிறது. சரிசெய்ய வேண்டிய கருவியே திறக்கவில்லை. "பகிர்வு நூலகத்தை ஏற்ற முடியவில்லை" என்ற ஒரே வரி மட்டும் திரும்பத் திரும்ப. கடைசியில் நிறுவல் பென் டிரைவிலிருந்து கணினியை எழுப்பி, அதில் இருக்கும் பேக்மேனைக் கொண்டு வட்டில் இருப்பதை முழுதாக அப்டேட் செய்தோம். டேட்டா மிச்சம் பிடிக்கப் போய், கடைசியில் பக்கத்து வீட்டு வைஃபைக்குக் கடவுச்சொல் கேட்கும்படி ஆகிவிட்டது.

இதற்குப் பகுதி அப்டேட் என்று பெயர். ஆர்ச்சில் இதற்கு ஆதரவு கிடையாது என்று அவர்களே தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் சோதிப்பது ஒரே தேதியில் இருக்கும் முழுத் தொகுப்பை. உங்கள் வீட்டில் நீங்களாகக் கலந்து வைத்திருக்கும் கலவையைச் சோதித்தவர் உலகத்தில் யாரும் இல்லை. ஒரு குறிப்பிட்ட மென்பொருளை மட்டும் அப்டேட்டிலிருந்து விலக்கி வைக்கும் வசதியும் பேக்மேனில் உண்டு. அதுவும் இதே வகைக் கலப்படம்தான், ஒரு வாரம் தாங்கும், ஒரு மாதத்துக்கு நான் உறுதி சொல்ல மாட்டேன்.

டேட்டா குறைவாக இருக்கும் நாளில் என்ன செய்வது? ஒய்யையும் சேர்த்து விட்டுவிடுங்கள். வெறும் எஸ் மட்டும் போட்டால், பழைய பட்டியலின்படி பழைய தேதிப் பதிப்பே வரும், கலப்பு இருக்காது. ரொம்ப நாள் ஆகியிருந்தால் அந்தப் பழைய கோப்பு களஞ்சியத்தில் இல்லை என்று பிழை வரும். பிழை வந்தாலும் எதுவும் உடையாது.

## எத்தனை நாளுக்கு ஒரு முறை

வாரம் ஒரு முறை போதும். தினமும் செய்கிறவர்கள் உண்டு. தப்பில்லை, கொஞ்சம் பழக்க தோஷம். மூன்று மாதம் விட்டுவிட்டுச் செய்வதுதான் வம்பு. அப்போது மாற்றங்கள் குவியலாக வரும், எது உடைந்தாலும் எதனால் என்று பிரித்துப் பார்க்க முடியாது.

நீண்ட நாள் விட்டவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஆர்ச்சின் ஒவ்வொரு மென்பொருளிலும் அதைத் தொகுத்தவரின் மின்கையொப்பம் இருக்கும். யார் யாருடைய கையொப்பத்தை நம்பலாம் என்ற பட்டியல், கீரிங் என்ற சாவிக்கொத்தாக உங்கள் கணினியிலேயே இருக்கும். நீங்கள் தூங்கிய காலத்தில் புதிதாக ஒருவர் தொகுப்பாளராகச் சேர்ந்திருந்தால், உங்கள் பழைய சாவிக்கொத்துக்கு அவரைத் தெரியாது. கையொப்பத்தை நம்ப முடியவில்லை என்று அப்டேட் நின்றுவிடும். ஆர்ச்லினக்ஸ் கீரிங் என்ற தொகுப்பை மட்டும் முதலில் புதுப்பித்துவிட்டு, உடனே முழு அப்டேட்டையும் முடித்தால் சரியாகிவிடும். ஒய்யும் யூவும் பிரியக் கூடாது என்ற விதிக்கு இது ஒன்றுதான் விலக்கு, அதுவும் இரண்டு நிமிட விலக்கு. கையொப்பச் சோதனையையே அணைத்துவிடச் சொல்லும் யோசனைகள் இணையத்தில் கிடைக்கும். கேட்காதீர்கள். பூட்டு திறக்கவில்லை என்பதற்காகக் கதவைக் கழற்றி வைக்கும் வேலை அது.

கட்டளையைக் கொடுப்பதற்கு முன் ஆர்ச்சின் முகப்புப் பக்கத்தில் இருக்கும் செய்திகளை ஒரு நோட்டம் விடுங்கள். வருடம் முழுவதற்கும் சேர்த்தே சொற்பமான செய்திகள்தான் வரும். ஆனால் கையால் ஏதாவது செய்யவேண்டிய அப்டேட் என்றால் அங்கே சொல்லிவிடுவார்கள். 2025 ஜூனில் ஃபர்ம்வேர் (வன்பொருளுக்குள் ஓடும் நிரல்) தொகுப்பை நிறுவனவாரியாகப் பல துண்டாகப் பிரித்தார்கள். அந்த வாரம் சும்மா அப்டேட் கொடுத்தவர்களில் பலருக்கு, என்விடியா தொடர்பான கோப்புகள் ஏற்கெனவே இருக்கின்றன என்று பிழை வந்து அப்டேட் நின்றது. செய்தியில் தீர்வு இரண்டே கட்டளையாக இருந்தது: பழைய தொகுப்பை நீக்கு, முழு அப்டேட்டோடு சேர்த்துப் புதியதைப் போடு. படித்தவர்களுக்கு அரை நிமிட வேலை.

கோப்பு ஏற்கெனவே இருக்கிறது என்று பேக்மேன் நிற்கும்போது, அதை அதட்டி எழுத வைக்கலாமே என்று கை துறுதுறுக்கும். 2012 ஜூலையில் லிப் என்ற அடிப்படை அடைவையே வேறு இடத்துக்குச் சுட்டும் இணைப்பாக மாற்றினார்கள். பிழை வந்தாலும் ஃபோர்ஸ் என்ற விருப்பத்தைப் போடாதீர்கள் என்று செய்தியில் வெளிப்படையாகவே எழுதினார்கள். போட்டவர்களின் கணினிகள் எழவில்லை. பிறகு அந்த விருப்பத்தையே பேக்மேனிலிருந்து எடுத்துவிட்டு, எந்தக் கோப்பை மேலெழுதலாம் என்று பெயர் சொல்லிக் கேட்கும்படி மாற்றினார்கள்.

## ஆமாம் என்று தட்டும் முன்

கட்டளை கொடுத்ததும் என்னென்ன மாறப்போகிறது என்று பட்டியல் காட்டி, ஆமாமா இல்லையா என்று பேக்மேன் கேட்கும். எல்லோரும் இங்கே யோசிக்காமல் என்டர் தட்டுவார்கள். நானும்தான். ஆனால் சில பெயர்களைக் கண்டால் மட்டும் கை நிற்கவேண்டும்.

கர்னல் பெயர் இருந்தால், முடிந்ததும் ரீஸ்டார்ட் செய்ய நேரம் இருக்கிறதா என்று பாருங்கள். பென் டிரைவ் கதை ஞாபகம் இருக்கட்டும். வழக்கமான கர்னலோடு, எல்டிஎஸ் எனப்படும் நீண்டகால ஆதரவுக் கர்னலையும் சேர்த்து நிறுவி வைத்துக்கொள்வது நல்லது. புதியது உங்கள் வைஃபையோடு சண்டை போட்டால், தொடக்கப் பட்டியலில் மற்றதைத் தேர்ந்து அன்றைய வேலையை முடித்துக்கொள்ளலாம்.

போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் இருந்தால் இன்னும் கவனம். அதன் முதன்மை எண் மாறும்போது தரவுகளை வைக்கும் உள்ளமைப்பும் மாறும். பழைய தரவைப் புதிய சர்வர் திறக்காது. ஒரு வெள்ளிக்கிழமை இரவு இப்படி என்டர் தட்டிவிட்டு, மறுநாள் காலையில் தரவுத்தளம் எழாமல் விழித்தேன். தரவு எங்கேயும் போகவில்லை. பழைய பதிப்பின் நிரல்களைத் தனியாகத் தரும் ஒரு தொகுப்பு ஆர்ச்சிலேயே இருக்கிறது. அதை வைத்துத் தரவைப் புது அமைப்புக்கு மாற்றலாம். ஆனாலும் ஒரு சனிக்கிழமை காலை போய்விட்டது, தப்பு முழுக்க என்னுடையது.

க்ரப் என்ற தொடக்க நிரல் இன்னொன்று. 2022 ஆகஸ்டில் ஒரு க்ரப் அப்டேட்டுக்குப் பிறகு பல கணினிகள் தொடக்கத் திரையைத் தாண்டவில்லை. காரணம் மறுபடி அதே தேதிக் குழப்பம். அப்டேட் கொண்டுவந்தது வட்டில் இருக்கும் க்ரப் தொகுப்பை. கணினி தொடங்கும்போது ஓடுவதோ, நீங்கள் என்றோ ஒரு நாள் தொடக்கப் பகுதியில் தனியாக நிறுவிய க்ரப். புதுத் தொகுப்பு எழுதித் தந்த அமைப்புக் கோப்பில் இருந்த ஒரு கட்டளை பழைய க்ரப்புக்குப் புரியவில்லை. க்ரப் புதிதாக வந்தால், நிறுவல் கட்டளையையும் அமைப்புக் கோப்பை எழுதும் கட்டளையையும் சேர்த்தே கொடுங்கள் என்று ஆர்ச் அறிவித்தது.

இன்னொரு விஷயம். அப்டேட் ஓடும்போது மின்சாரம் போகக் கூடாது. மடிக்கணினி என்றால் பேட்டரியைப் பாருங்கள். யுபிஎஸ் இல்லாத மேசைக்கணினி என்றால், மின்தடை அறிவித்திருக்கும் நாளை விட்டுவிடுங்கள்.

எல்லாம் ஓடி முடிந்ததும் திரையில் வந்ததைக் கொஞ்சம் மேலே தள்ளிப் படியுங்கள். பேக்நியூ என்று முடியும் கோப்புப் பெயர்கள் அங்கே தென்படலாம். நீங்கள் கைவைத்துத் திருத்திய அமைப்புக் கோப்பைப் பேக்மேன் தொடாது. புதியதைப் பக்கத்தில் இந்தப் பின்னொட்டோடு வைத்துவிட்டுப் போய்விடும். நிரல் இன்றைய தேதி, அமைப்பு நீங்கள் திருத்திய தேதி. பல மாதம் அப்படியே ஓடும். திடீரென்று ஒரு நாள் பழைய விருப்பம் ஒன்று தனக்குத் தெரியாது என்று நிரல் மறுக்கும். பேக்டிஃப் என்ற கருவி இரண்டையும் அருகருகே காட்டும், எது வேண்டும் என்று பார்த்துச் சேர்த்துக்கொள்ளலாம். பயனர்களின் பட்டியலும் கடவுச்சொற்களும் இருக்கும் பாஸ்வேர்டு, ஷேடோ கோப்புகளுக்கு இப்படிப் புதியது வந்தால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு மேலெழுதிவிடாதீர்கள். புதியதில் உங்கள் பெயரே இருக்காது. உங்கள் வீட்டில் உங்களையே யாரென்று கேட்கும்.

## ஏயுஆர் என்னும் தனிக்கடை

ஆர்ச் பயனர்கள் தாங்களே பராமரிக்கும் களஞ்சியம் ஏயுஆர். இதில் இருப்பவை பெரும்பாலும் தயார் மென்பொருள் அல்ல, செய்முறைக் குறிப்புகள். உங்கள் கணினியில்தான் அது மென்பொருளாக ஆகும். ஆகவே அன்றைக்கு உங்களிடம் என்ன நூலகம் இருந்ததோ, அதோடு பிணைந்துகொள்ளும். பேக்மேனின் முழு அப்டேட் இவற்றைத் தொடாது. பைத்தான் என்ற நிரல்மொழி அடுத்த எண்ணுக்குத் தாவும் நாளில் ஏயுஆரில் எடுத்த பைத்தான் நிரல்கள் கூட்டமாகப் படுத்துக்கொள்வது இதனால்தான். பழைய எண் போட்ட அடைவில் அவை இருக்கும், புதுப் பைத்தான் அங்கே எட்டிப் பார்க்காது. மறுபடி ஒரு முறை தொகுத்தால் எழுந்துவிடும்.

நம்பகம் வேறு விஷயம். 2025 ஜூலையில் உலாவிகளுக்கான திருத்தம் என்ற பெயரில் மூன்று தொகுப்புகள் ஏயுஆரில் ஏறின. உள்ளே இருந்தது, உங்கள் கணினியைத் தொலைவிலிருந்து ஆளும் தீநிரல். இரண்டே நாளில் நீக்கிவிட்டார்கள். செய்முறைக் கோப்பு பெரும்பாலும் ஒரு பக்கம்தான் இருக்கும். எந்த முகவரியிலிருந்து எதை இறக்குகிறது என்றாவது படித்துவிட்டு நிறுவுங்கள்.

## விஷமும் மருந்தும் முதலில் வரும் இடம்

இவ்வளவு புதிதாக இருப்பது பாதுகாப்பா, ஆபத்தா? 2024 மார்ச் 29 அன்று இதற்கு இரண்டு பக்க விடையும் ஒரே நாளில் கிடைத்தது. போஸ்ட்கிரெஸ் உருவாக்குநர்களில் ஒருவரான ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், டெபியனின் நிலையற்ற கிளையில், அதாவது புதுப் பதிப்புகள் முதலில் வந்து சேரும் கிளையில், ஏதோ அளந்துகொண்டிருந்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆகிறது. வேறு யாராயிருந்தாலும் விட்டிருப்பார்கள், நான் கட்டாயம் விட்டிருப்பேன். அவர் தோண்டினார். எக்ஸ்இஸட் என்ற சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ பின்கதவு வைத்திருப்பது தெரியவந்தது.

டெபியனின் நிலையான பதிப்பில் இருந்தது பழைய எக்ஸ்இஸட், அதனால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஆர்ச், டம்பிள்வீட் போன்ற உருளும் சிஸ்டங்களுக்கு அந்தப் புதுப் பதிப்பு ஏற்கெனவே வந்திருந்தது. ஆர்ச் தப்பியது வேறொரு காரணத்தால்: அதன் எஸ்எஸ்ஹெச் சர்வர் எக்ஸ்இஸட்டின் நூலகத்தோடு பிணைக்கப்படவில்லை, எனவே கண்டறியப்பட்ட தாக்குதல் வழி அங்கே பலிக்காது. மாற்றுப் பதிப்பும் உடனே வந்துவிட்டது. அன்று ஆர்ச் பயனர்களுக்குக் கிடைத்த அறிவுரை, உடனே முழு அப்டேட் கொடுங்கள் என்பதே.

என்னைக் கேட்டால், நாலு பேர் நம்பியிருக்கும் சர்வரில் ரோலிங் வைக்க மாட்டேன், டெபியன் போதும். புதிதாக வாங்கிய மடிக்கணினி, புது கிராபிக்ஸ் அட்டை, நிரல் எழுதுகிறவரின் மேசை, இங்கெல்லாம் ரோலிங் சுகம். நடுவழி வேண்டும் என்றால் டம்பிள்வீட் பாருங்கள். ஒவ்வொரு தேதியின் தொகுப்பையும் ஓப்பன்கியூஏ என்ற தானியங்கிச் சோதனையில் நிறுவி, திரையில் எதிர்பார்த்தது வருகிறதா என்று பார்த்த பிறகே வெளியிடுகிறார்கள். வழக்கமான முறையில் நிறுவியிருந்தால், அப்டேட்டுக்கு முன்னும் பின்னும் வட்டின் நிலையைத் தானே படம்பிடித்தும் வைக்கும். சொதப்பினால் தொடக்கப் பட்டியலில் முந்தைய நிலையைத் தேர்ந்து திரும்பிவிடலாம். அங்கே கட்டளை ஸிப்பர் டப்.

ஆர்ச்சிலும் பின்னால் போகலாம், கொஞ்சம் கைவேலையோடு. இறக்கிய தொகுப்புகளைப் பேக்மேன் தன் கிடங்கில் வைத்திருக்கும், நீங்கள் சுத்தம் செய்யாதவரை. ஒரே ஒரு தொகுப்புதான் குற்றவாளி என்று தெரிந்தால், அதன் முந்தைய கோப்பைப் பெரிய யூ விருப்பத்தோடு கொடுத்து நிறுவலாம். கிடங்கு நாளாக நாளாகப் பல ஜிபிக்கு வீங்கும். பேக்கேஷ் என்ற கருவி ஒவ்வொன்றிலும் கடைசி மூன்று பதிப்பை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடும்.

எது குற்றவாளி என்றே தெரியாவிட்டால் ஆர்ச்சின் ஆவணக் களஞ்சியம் இருக்கிறது. வருடம், மாதம், நாள் என்று அடைவு அடைவாக, அந்தந்த நாளில் களஞ்சியம் எப்படி இருந்ததோ அப்படியே அங்கே கிடைக்கும். பேக்மேனின் முகவரிப் பட்டியலில் அந்த நாளின் அடைவைக் கொடுத்து, ஒய்யையும் யூவையும் இரண்டிரண்டு முறை போட்டால், சிஸ்டம் மொத்தமும் அந்தத் தேதிக்குத் திரும்பிவிடும். பழுது தீர்ந்ததும் முகவரியைப் பழையபடி மாற்ற மறந்துவிடாதீர்கள். மறந்தால் எத்தனை அப்டேட் கொடுத்தாலும் அதே நாளில்தான் நிற்பீர்கள்.

உங்கள் கணினி இப்போது எந்தத் தேதியில் இருக்கிறது என்று பார்க்க வேண்டுமா? பேக்மேன் எழுதும் நாட்குறிப்பு, பதிவுக் கோப்புகள் இருக்கும் அடைவில் பேக்மேன் டாட் லாக் என்ற பெயரில் இருக்கும். முழு சிஸ்டம் அப்டேட் தொடங்குகிறது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி ஒவ்வொரு முறையும் அதில் விழும். கீழிருந்து தேடினால் முதலில் கிடைக்கும் வரியின் தேதிதான் உங்கள் பதிப்பு. நான் இதைத் தட்டிக்கொண்டிருக்கும் கணினியில் அந்த வரிக்குப் பதினோரு நாள் வயது. செய்திப் பக்கத்தைப் பார்த்துவிட்டேன், புதிதாக ஒன்றும் இல்லை. பென் டிரைவில் எடுக்க வேண்டியதை எடுத்துவிட்டு அப்டேட் கொடுக்கப் போகிறேன்.